பார்லர்க்காவின் ஈரல்

பார்லர்க்காவுக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. ஒருவர் கழுத்தில் போட்ட துண்டை அடுத்தவர் கழுத்தில் போட மாட்டாள். சீப்பில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் அது நேராகக் கொதிக்கிற தண்ணீருக்குள் போய்விடும். யாராவது தும்மிவிட்டால் அவர்கள் தலை மறைந்ததும் நாற்காலி, கண்ணாடி, கதவுப் பிடி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். "உனக்கு இருக்கறது மூக்கா, மோப்ப மிஷினா?" என்று பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரம்மா கேலி செய்வாள். அந்தத் தெருவில் பெண்கள் புருவம் திருத்தவும் முடிக்குச் சாயம் போடவும் அவளிடமே வந்ததற்கு அந்த மூக்குதான் காரணம். அவள் கடைக்குள் நுழைந்தால் சோப்பு வாசனையைத் தவிர வேறொன்றும் வராது.

அவளுடைய அருவருப்பில் பெரிய பங்கு வீட்டுக்காரருக்குப் போனது. அவர் ஒரு கட்டில் பீரோ கடையின் வேன் ஓட்டுபவர். சனிக்கிழமை சாயங்காலம் ஊற்றிக்கொண்டு வருவார். சண்டை போட மாட்டார், சத்தம் போட மாட்டார், சிரித்துக்கொண்டே சோபாவில் சாய்வார். அந்தச் சிரிப்போடு வருகிற வாடைதான் அவளுக்குக் குமட்டும்.

"வாயை அந்தப் பக்கம் திருப்புங்க."

"வாரத்துக்கு ஒரு நாள்தானேம்மா."

"ஒரு நாள் அந்த ஈரல் அழுகி வாய் வழியா வரும். அன்னைக்கு என்னைத் துடைக்கச் சொல்லாதீங்க."

அவளோ சாராய வாசனை அடிக்கிறதென்று இருமல் மருந்தைக்கூடத் தொடாதவள். ஆனால் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவே க்ரீம் பன், பாட்டில் பாட்டிலாகக் குளிர்பானம், கை விட்டால் அடி தட்டும்வரை நிற்காத சிப்ஸ் பாக்கெட். சர்க்கரை நோய் வந்து பல வருடமாகியிருந்தது. மாத்திரை நினைவிருந்தால் உண்டு. கால் வலிக்கு மட்டும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை தவறாமல் உண்டு. ஒருமுறை முழு உடல் பரிசோதனை முகாமில் ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். "இப்போ யாருக்குத்தான் இல்ல?" என்றார் அங்கிருந்தவர். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. குடிக்காதவளுக்கு ஈரலில் என்ன வந்துவிடப் போகிறது?

முதலில் கால் வீங்கியது. நின்று வேலை செய்கிறவளுக்கு வீங்காமல் என்ன செய்யும் என்று பெரிய செருப்பாக வாங்கிக்கொண்டாள். பிறகு வயிறு வந்தது. மற்ற இடமெல்லாம் வற்றிப்போய், கை எலும்பு தெரிய, வயிறு மட்டும் முன்னால் நடந்தது. வாடிக்கையாளர் ஒருத்தி, "இந்த வயசுலயா அக்கா!" என்று கண்ணடித்தாள். அவள் போன பிறகு பார்லர்க்கா அந்த நாற்காலியை மூன்று தடவை துடைத்தாள். உடம்பெல்லாம் அரித்தது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். பகலெல்லாம் கண் சொருகியது, படுத்தால் கொட்டக்கொட்ட விழிப்பு. அத்தனை பேருடைய வாசனையும் தெரிந்த அந்த மூக்குக்குத் தன் வாயிலிருந்து வந்த வாசனை மட்டும் தெரியவில்லை. அழுகத் தொடங்கிய பழம்போல இனிப்பும் பூஞ்சையும் கலந்த வாடை. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் குனியும்போது பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

வங்கி மேலாளரம்மா பணி ஓய்வு பெறுகிற நாளுக்கு முந்தின நாள், விழாவில் படம் எடுப்பார்களே என்று புருவம் திருத்திக்கொள்ள வந்தார். கண்ணை மூடிச் சாய்ந்தவர், வழக்கத்தைவிட அதிக நேரமாகிறதே என்று கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் இடது புருவம் இருந்தது. வலது புருவம் இருந்த இடத்தில் சிவந்த தோல்தான் இருந்தது.

"ஐயோ, என்ன பண்ணிட்டே!"

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அசையாதீங்க" என்று பார்லர்க்கா அடுத்த புருவத்துக்கு நூலைக் கொண்டுபோனாள்.

சத்தம் கேட்டு ஜெராக்ஸ்காரம்மா ஓடிவந்தாள். பார்லர்க்கா சிரித்துக்கொண்டு நின்றாள். நீட்டிய கை சிறகடிப்பதுபோலத் தானாக மடங்கி மடங்கி விழுந்தது. "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டதற்கு, "துண்டு காயலை" என்று பதில் வந்தது. ஜெராக்ஸ்காரம்மா வங்கியம்மாவிடம் நூறு மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, இரண்டு கடைக்கும் ஷட்டரை இழுத்துவிட்டு, இவளை ஆட்டோவில் ஏற்றினாள்.

பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், கண்ணின் வெள்ளையைப் பார்த்தார், தலையைத் தூக்காமலே, "எத்தனை வருஷமா குடிக்கிறாங்க?" என்றார். அப்போதுதான் வந்து சேர்ந்த வீட்டுக்காரருக்கு வாய் அடைத்துப்போனது. அவரோடு வந்திருந்த அவருடைய அக்காவுக்குக் காது திறந்துகொண்டது.

மறுநாள் பார்லர்க்காவுக்குத் தெளிவு வந்தது. நாத்தனார் தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, அவள் வாய்க்குப் பக்கத்தில் ஒருமுறை இழுத்து மோந்து பார்த்தாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஏதோ வாசனை வருது... நமக்குள்ள என்ன மறைவு? பார்லர்ல எல்லா மாதிரியும் பொம்பளைங்க வருவாங்க. பழக்கம் பண்ணி விட்டுடுவாங்க."

வாழ்க்கை முழுவதும் மற்றவர்களை மோந்து பார்த்தவளுக்கு, தன்னை ஒருத்தி மோந்து பார்ப்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. உடம்பு கூசியது. அதைவிடக் கூசியது, பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. வாராவாரம் குடிக்கிற மனிதரின் ஈரல் கல் மாதிரி நிற்கிறது, பழி மட்டும் தன் தலையில்!

அன்று வயிற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். அடிவயிற்றின் ஓரத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் கேனில் விட்டார்கள். வெளிறிய மஞ்சளில், மேலே நுரை கட்டிக்கொண்டு அது ஏறியது. ஒரு கேன் நிறைந்து அடுத்த கேன் வந்தது. ஈடுகட்டுவதற்குக் கையில் புரதச் சத்து பாட்டிலை ஏற்றினார்கள். தனக்குள்ளே இத்தனை நாளாக இதைச் சுமந்துகொண்டா மற்றவர்களுடைய அழுக்கைத் துடைத்தோம் என்று நினைத்ததும் அவளுக்கு வாந்தி வந்தது.

ஈரல் பிரிவின் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இளம் டாக்டரின் கேள்வி அவர் காதுக்கும் போயிருந்தது.

"குடிச்சாத்தான் ஈரல் போகும்னு யார் சொன்னது? சர்க்கரை, உடம்புல சேர்ற கொழுப்பு, மஞ்சள் காமாலைக் கிருமி, இதுலயும் போகும். உங்களுக்குக் கொழுப்பு படிஞ்சு, அது புண்ணாகி, புண்ணு தழும்பாகி, தழும்பு மேல தழும்பா இறுகிப் போயிருக்கு. ரத்தம் உள்ள போக வழியில்லாம பின்னால தேங்குது. அதான் வயித்துல தண்ணி. குடல்ல உண்டாகற நஞ்சை ஈரல்தான் சுத்தம் பண்ணணும். பண்ணலை. அது நேரா மூளைக்குப் போகுது. அதான் அந்தம்மாவுக்குப் புருவம் போச்சு."

"மாத்திரையில சரியாகுமா?"

"இறுகின தழும்பை இளக்க மாத்திரை இல்லை. மிச்சம் இருக்கற ஈரலைக் காப்பாத்தலாம். உப்பைக் குறைக்கணும், தண்ணி இறங்க மாத்திரை போடணும். கால் வலி மாத்திரையைத் தலையைச் சுத்தி வீசிடுங்க. தொண்டைக்குள்ள கேமரா விட்டு ரத்தக் குழாய் புடைச்சிருக்கான்னு பாக்கணும், இருந்தா வெடிக்கறதுக்கு முன்னாடி வளையம் போட்டுக் கட்டிடுவோம். எல்லாத்துக்கும் மேல, இந்த சிரப்."

பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

"தினமும் ரெண்டு மூணு தடவை இளக்கமா வெளிய போகணும். நஞ்சும் அதோட போயிடும். எத்தனை மூடின்னு கணக்கு இல்லை. எத்தனை தடவை போறீங்களோ அதைப் பாத்துக் கூட்டிக் குறைச்சுக்கணும்."

"சீ" என்றாள் பார்லர்க்கா. அவளை அறியாமல் வந்துவிட்டது.

"சீயோ தூவோ, குடிக்கணும்" என்று எழுந்துகொண்டார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த சிரப்பின் லட்சணம் தெரிந்தது. பாகுபோல நாக்கில் ஒட்டிக்கொள்ளும் தித்திப்பு. குடித்த பிறகு வயிறு கடமுடவென்று பேசும். பேசினால் ஓட வேண்டும். பார்லரில் கழிப்பறை கிடையாது. அந்தக் கட்டடத்தின் எல்லாக் கடைக்கும் பொதுவாகப் பின்முற்றத்தில் ஒன்று உண்டு. செல்போன் கடைப் பையன்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிற இடம். பாதி சாயம் பூசிய தலையை விட்டுவிட்டு அவள் அங்கே ஓட வேண்டியிருந்தது. ஒருநாள் போய்ச் சேர்வதற்கு முன்பே விஷயம் முடிந்துவிட்டது. ஜெராக்ஸ்காரம்மாவின் சால்வையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, உடுத்தியிருந்ததைத் துவைக்கவில்லை, அப்படியே குப்பையில் போட்டாள். சிரப் பாட்டிலும் பின்னாலேயே போனது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் ஒரு டப்பாவோடு வந்தாள். ஏதோ வேர்ப்பொடியாம். பச்சையாகக் கரைத்துக் குடித்தால் எப்பேர்ப்பட்ட ஈரலும் புதிதாக முளைத்துவிடுமாம். டிவியில் ஒருவர் சொன்னாராம்.

"இங்கிலீஷ் மருந்து சூடும்மா. இதுல பக்க விளைவே கிடையாது."

வாசனை பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டிதான். ஆனாலும் இதைக் குடித்தால் ஓட வேண்டியதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். சில நாட்களில் மலம் இறுகி, கண் மஞ்சளடித்து, சிறுநீர் கறுத்த டீயாகப் போனது. வீட்டுக்காரரைப் பார்த்து, "தண்ணி கேன் போடறவரே, நாளைக்கு வாங்க" என்றாள். அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவள் சோபாவில் உட்கார்ந்தபடியே நனைத்தபோதுதான் வேன் சாவியை எடுத்தார்.

இந்தத் தடவை மருத்துவமனையில் அதே சிரப்பைப் பின்வழியாக ஏற்றினார்கள். அதன் பிறகு நடந்தது அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கட்டில் நனைந்தது. பச்சைத் திரை. வார்டு ஊழியர் வேறு பக்கம் இருந்திருக்கிறார். நாத்தனார் சேலைத் தலைப்பை மூக்கில் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வீட்டுக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தார். பாதி துடைத்தார். பிறகு கட்டிலின் மறுபக்கம் குனிந்து தானும் வாந்தி எடுத்தார். வார்டு ஊழியர் வந்து தலையிலடித்துக்கொண்டு, "இப்போ நான் ரெண்டு பேரைத் துடைக்கணும்" என்றது மட்டும் முழுசாகக் காதில் விழுந்தது.

தெளிந்த பிறகு அவள் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"துடைக்கணும்னுதான் வந்தேன்மா. முடியலை."

"பாதி துடைச்சீங்க இல்ல. போதும்."

டாக்டரம்மா பொடி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். கோபத்தில் காது மடல் சிவந்திருந்தது. "ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கிட்டு இருக்கற ஈரல் கழுத்துல இதைக் கட்டித் தொங்க விட்டிருக்கீங்க. இதுக்குள்ள என்ன இருக்குன்னு வித்தவனுக்கும் தெரியாது." பிறகு குரலைத் தணித்து, மாற்று ஈரல் பற்றிப் பேசினார். இந்தச் சரிவிலிருந்து ஈரல் தானாக மேலே ஏறி வரலாம், வராமலும் போகலாம். ரத்தப் பரிசோதனைகளை வைத்து ஒரு மதிப்பெண் போடுவார்கள், அது கூடினால் ஆபத்து கூடுகிறதென்று பொருள். உறவில் யாராவது தங்கள் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கு அது பெரும்பாலும் வளர்ந்துவிடும். இல்லையென்றால் இறந்தவரிடமிருந்து கிடைக்கும்வரை பட்டியலில் காத்திருக்க வேண்டும்.

"நான் தர்றேன்" என்றார் வீட்டுக்காரர், யோசிக்காமலே.

கேட்ட மனைவி நெகிழ்ந்து அழுதிருக்க வேண்டும். பார்லர்க்காவுக்குக் குமட்டியது. எத்தனை சனிக்கிழமைகளைக் குடித்த ஈரல் அது! அதை வெட்டி எடுத்துத் தன் வயிற்றுக்குள் வைத்துத் தைப்பார்களா? அந்த வாடை இனி உள்ளேயிருந்தே வருமா? அவர் போன பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வாடையெல்லாம் வராது. அவர் தரலாமான்னு பரிசோதனைதான் சொல்லணும். ஆனா உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். அவருக்கும் கடைசி நிமிஷம் வரைக்கும் மனசு மாற உரிமை இருக்கு."

சோதனையில் வீட்டுக்காரரின் ஈரலும் கல் மாதிரி நிற்கவில்லை என்று தெரிந்தது. கொழுப்பு கணிசமாக ஏறியிருந்தது. குடியை அறவே விட்டு, எடை குறைத்து வந்தால் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லி, அதுவரை அவள் பெயரைப் பட்டியலில் சேர்த்தார்கள். அவர் மூன்று சனிக்கிழமை விட்டார். நான்காவது சனிக்கிழமை ஏலக்காயை மென்றுகொண்டு வீட்டுக்குள் வந்தார். பார்லர்க்கா ஒருமுறை இழுத்து மோந்தாள். மூக்கு இன்னும் வேலை செய்தது.

"நீங்க தர வேண்டாங்க. நான் பட்டியல்லயே இருக்கேன்."

"ஒரு தடவைதாம்மா..."

"எனக்காக விடச் சொல்லலை. உங்களுக்குன்னு ஒண்ணு உள்ள இருக்கே, அதுக்காகவாவது விடுங்க. இன்னொரு தடவை திரைக்குப் பின்னால யாரும் யாரையும் துடைக்க வேண்டாம்."

கடையைத் திறப்பதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்தாள். கொத்தனாரைக் கூட்டிவந்து, முகத்துக்குப் பூச்சு போடுகிற தனியறையை இடித்துக் கழிப்பறை கட்டச் சொன்னாள். வருமானம் வருகிற அறை அது. கட்டடத்தின் சொந்தக்காரர் முணுமுணுத்தார். ஜெராக்ஸ்காரம்மாதான் போய்ப் பேசி வாயை அடைத்தாள். கண்ணாடிக்கு எதிரே கழிப்பறைக் கதவு இருப்பதைக் கண்டு சில வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். இரண்டு பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

நூலும் கத்தரியும் உடனே அவள் கைக்கு வரவில்லை. கை நடுக்கம் முற்றிலும் நின்று, டாக்டரம்மா சரி சொல்லும்வரை தலை அலசுவதும் சாயம் பூசுவதும் மட்டும்தான். சிரப்பை முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள். பழகவே இல்லை. ஒவ்வொரு நாளும் முதல் நாள் மாதிரியேதான் குமட்டியது. உப்பில்லாத சாப்பாடு சாப்பிட்டது மாதிரியே இல்லை. ஈரல் கெட்டவர்கள் பருப்பு, முட்டை சாப்பிடக் கூடாது என்று நாத்தனார் ஃபோனில் சொன்னாள். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தசை வற்றினால் நஞ்சு இன்னும் ஏறும், புரதம் வேண்டும், பட்டினி கிடக்கக் கூடாது, படுக்கும் முன் ஏதாவது சாப்பிட்டுத்தான் படுக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. தொண்டை வழியாகக் கேமரா போனது, புடைத்த குழாய்களுக்கு வளையம் போட்டார்கள், வாயைப் பிளந்துகொண்டு எச்சில் வழியக் கிடந்தாள். அதையும் அருவருத்தாள், செய்துகொண்டாள். வயிற்றுத் தண்ணீர் குறைந்தது. மதிப்பெண் மெல்ல இறங்கியது. ஆனாலும் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரலாம், ஃபோனை அணைக்காதீர்கள் என்றிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் இருவரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்த செய்தி ஓடியது. வீட்டுக்காரர் சோபாவின் நுனிக்கு வந்து, "எந்த இடத்துல?" என்றார். அவர் எதற்குக் கேட்கிறார் என்று அவளுக்கு உடனே புரிந்தது. புரிந்த அந்த நொடியில்தான் கவனித்தாள், அவளும் முன்னால் சாய்ந்திருந்தாள். கை ஃபோனைத் தொட்டுக்கொண்டிருந்தது.

டிவியை அணைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பார்த்து அருவருத்திருக்கிறாள். இதற்கு ஈடாக எதுவும் இல்லை. யாரோ ஒரு தாய் அங்கே தலையில் அடித்துக்கொண்டிருப்பாள், இங்கே இவள் இடம் எங்கே, தூரம் எவ்வளவு என்று பார்க்கிறாள். வயிற்றிலிருந்து கேன் கேனாக எடுத்தார்களே, அந்தத் தண்ணீர் எவ்வளவோ சுத்தம்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது அதை டாக்டரம்மாவிடம் சொன்னாள். 

"பட்டியல்ல இருக்கற பல பேர் இதைச் சொல்லிட்டாங்க" என்றார் டாக்டரம்மா. "சொல்லாதவங்க வீட்டுக்குப் போய் முகம் கழுவுவாங்க. நீங்க காத்திருக்கறதால அந்த பஸ் கவிழலை. வேணும்னா பேசறதுக்கு ஆள் இருக்காங்க, எழுதித் தரட்டுமா?"

"எழுதிக் கொடுங்க. ஆனா எனக்கு என்னைப் பாத்தாலே குமட்டுதும்மா."

"குமட்டட்டும். குமட்டிக்கிட்டே சிரப்பையும் விடாம குடிக்கிறீங்களே, அது போதும். கையை நீட்டுங்க."

நீட்டினாள். விரல்கள் நடுங்காமல் நின்றன. டாக்டரம்மா திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"நேத்து எத்தனை தடவை போனீங்க?"

அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் கூச்சத்தோடு கதவைச் சாத்தப் போனார்.

"மூணு தடவை" என்றாள் பார்லர்க்கா, எல்லோருக்கும் கேட்கிற குரலில். "கருமம், மூணும் இளக்கமாத்தான்."